அது அப்பப்பாவின் தூண்டில் அல்ல

எனக்கு இந்த வருடம் அறுபத்தெட்டு வயது. மனைவியின் தம்பியோடு நான் பேசுவதில்லை. ஒரு மூங்கில் தடிக்காகச் சொந்தக்காரனைப் பகைத்துக்கொண்ட கிழவன் என்று லா சப்பல் தமிழ்க் கடைகளில் என்னைப் பற்றிக் கதைத்துச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். ஆனால் நடந்ததை முழுதாகத் தெரிந்துகொண்டு சிரிக்கட்டும்.

இருபத்தாறு வருடம் இந்தப் பிரெஞ்சு நகரத்தில் ஒரு பெரிய உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தேன். கோப்பை கழுவத் தொடங்கி, மீன் துப்புரவாக்கும் மேசைக்கு வந்து, அந்த மேசையிலேயே ஓய்வு பெற்றேன். எனக்குப் பக்கத்தில் நின்று மீன் பொரித்தவன் ஒரு நோர்மண்டிக்காரன். என் வயதுதான். ஒரு சனிக்கிழமை, நான் தலை குனிந்து ட்ரவுட் மீன்களின் குடலை எடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டான்: "இத்தனை வருடமாக இதை வெட்டுகிறாயே, உயிரோடு ஒன்றையாவது பார்த்திருக்கிறாயா?"

பார்த்ததில்லை. திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. அந்தத் திங்கள் அவன் என்னை எப்த் ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனான். சான் லசாரில் ரயில் ஏறி ஜிசோரில் இறங்கி, புல்வெளிகளுக்கு நடுவே அரை மணி நேரம் நடை. முழங்கால் அளவு தண்ணீர். அடியில் கூழாங்கல் தெரிந்தது. கல்லுக்கு மேலே ஒரு நிழல் அசையாமல் நின்றது. நீரோட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு, வாலை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டு நின்றது. பிளாஸ்டிக் பெட்டியில் பனிக்கட்டியோடு எனக்கு வந்து சேரும் சாம்பல் நிறப் பிணத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதன் விலாவில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. நான் வெட்டிய எந்த மீனிலும் அந்தச் சிவப்பை நான் கண்டதில்லை.

அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

ஈத்தூண்டில் என்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். புழுவும் இல்லை, இறைச்சித் துண்டும் இல்லை. சிறிய கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றி, ஆற்றில் பறக்கும் பூச்சியைப்போல ஒன்றைக் கட்டுவோம். அதற்கு எடையே கிடையாது. எடையில்லாத ஒன்றைப் பத்து மீற்றர் தூரம் எறிய முடியாதல்லவா? ஆகவே கயிற்றைத்தான் எறிகிறோம். தடியைப் பின்னால் வீசி, கயிறு முதுகுக்குப் பின்னே முழுவதும் நீளும்வரை பொறுத்திருந்து, பிறகு முன்னால் வீச வேண்டும். அந்தப் பொறுத்திருக்கும் நேரம்தான் முழு வித்தையும். சமையலறையில் இருபத்தாறு வருடமும் என் காதில் விழுந்த சொல் 'கெதியாய், கெதியாய்' என்பதுதான். ஆற்றில் அவசரப்பட்டால் கயிறு கழுத்தைச் சுற்றும்.

அந்த மூங்கில் தடியை, நான் ஆற்றுக்குப் போகத் தொடங்கிய மூன்றாவது வருடம், ஜிசோர் பழைய சாமான் சந்தையில் கண்டேன். ஒரு பெண் இறந்துபோன தகப்பனின் வீட்டைக் காலிசெய்து, எல்லாவற்றையும் நிலத்தில் பரப்பி வைத்திருந்தாள். துணிப்பைக்குள் மூன்று துண்டுகள். மூங்கில் என்றால் தோட்டத்தில் வெட்டிய முழு மூங்கில் அல்ல. மூங்கிலைப் பிளந்து, ஆறு கீலங்களாகச் சீவி, ஒவ்வொன்றையும் முக்கோணமாக இழைத்து, ஆறையும் சேர்த்து ஒட்டி ஒரே தடியாக்கியிருந்தார்கள். ஒட்டிய இடத்தை நகத்தால் தடவினாலும் தெரியாது. கைப்பிடி தக்கைக் கட்டையால் ஆனது. யாரோ ஒருவரின் பெருவிரல் பல வருடங்களாக அழுத்திய பள்ளம் அதில் இருந்தது. என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. கைப்பிடிக்கு மேலே செய்தவனின் கையெழுத்து மையால் எழுதியிருந்தது. வாசிக்க முடியாத அளவுக்கு மங்கிவிட்டது. கூடவே ஒரு கறுப்பு ரீலும் அதில் பட்டுக் கயிறும்.

நோர்மண்டிக்காரனிடம் காட்டியபோது, மூன்று துண்டையும் பூட்டி வெறும் காற்றில் ஒருமுறை வீசிப் பார்த்தான். "அலுமாரியில் வைக்காதே. இதனால் மீன் பிடி," என்றான் பிறகு.

பிடித்தேன். பட்டுக் கயிறு நனைந்தபடி கிடந்தால் உக்கிவிடும். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் ரீலில் இருந்து அவிழ்த்து, மார்க்ஸ் டோர்மோயில் இருக்கும் எங்கள் சின்ன வீட்டின் நான்கு நாற்காலிகளைச் சுற்றிக் காயப்போட்டு, மறுநாள் கொழுப்புத் தடவிச் சுற்றி வைக்க வேண்டும். தடியில் வளையங்களைக் கட்டிய பட்டு நூல் இற்றபோது, சேலைச் சட்டை தைக்கும் கடையில் அதே கரும்பச்சை நிறத்தில் ஒரு நூற்கட்டை வாங்கிவந்து நானே கட்டினேன். குளிர்காலத்தில் ஜன்னலோரம் இருந்து வார்னிஷ் பூசினேன். இவ்வளவும் செய்து பிடித்த மீனை நான் கொல்வதும் இல்லை. நனைந்த கையால் கொக்கியைக் கழற்றி, மீன் தானாக நீந்தும்வரை தண்ணீருக்குள் பிடித்திருந்து விட்டுவிடுவேன். வெட்டியது போதும்.

லா சப்பல் மீன்கடைக்காரர் ஒருமுறை கேட்டார். "அண்ணை, கோவிக்காதேங்கோ. பிடிச்ச மீனைத் திருப்பி விடுறியளாம், மெய்யோ?"

"ஓம்."

"அப்ப என்னத்துக்குப் போறியள்?"

காசை எடுத்து நீட்டினேன். அவர் தராசில் அறக்குளா மீனை வைத்தபடி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தன் மனதில் பட்டதை நேராகக் கேட்டார்.

கோபம் என் மைத்துனன் மேல். மனைவியின் ஒரே தம்பி. ஊரில் இருந்து வந்தபோது நான்கு வருடம் எங்கள் வீட்டு வரவேற்பறையில்தான் படுத்தான். அவனுக்கு முதல் வேலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அதைச் சொல்லிக்காட்டுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் அந்த நாட்களில் அவன் என்னிடம் சொன்னதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றது விளங்காது.

நான் தடியைப் போட்டு வைக்கும் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படும் திங்கட்கிழமைகளில் அவன் முகம் கறுக்கும். ஒருநாள் வாய்விட்டே கேட்டான்.

"அத்தான், உந்தக் குழாயோடை லா சப்பலுக்குள்ளாலை போகாதேங்கோ. சனம் கேக்குது."

"என்ன கேக்குது?"

"மீன் பிடிக்கிறது எங்கட ஆக்களிண்ட வேலையே? ஊரிலை தெரிஞ்சால் என்ன நினைப்பினம்?"

அதற்குப் பிறகு தெருவில் என்னைக் குழாயோடு கண்டால் மற்றப் பக்கத்துக்குக் கடந்துவிடுவான். அத்தான் படம் கீறப் படிக்கிறார், அது வரைபடம் கொண்டுபோகும் குழாய் என்று யாரிடமோ சொல்லியிருந்தான். எனக்கு அது பிறகுதான் தெரியவந்தது.

அவன் சொன்ன 'எங்கட ஆக்கள்' என்ற சொல்லின் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அந்தச் சாதிப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன்தான். ஊரிலேயே இருந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் குடல் வாளியோடு இருபத்தாறு வருடம் நின்றவனுக்கு அந்தப் பெருமை எங்கே ஒட்டும்?

போன இலையுதிர் காலத்தில் மைத்துனன் சொந்தமாக உணவகம் திறக்க ஆயத்தமானான். நண்டுக் கறி, கணவாய், கூழ். வெள்ளைக்காரச் சனத்தையும் வரவைக்க வேண்டும் என்று உள்ளலங்காரம் செய்ய ஒரு பெண்பிள்ளையைப் பிடித்திருந்தான். இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. நல்ல பிள்ளை, அவளில் ஒரு குற்றமும் இல்லை. பழைய குடும்பப் படங்கள் பார்க்க இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, நான் தடியை மேசையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். செப்டெம்பரில் ட்ரவுட் பிடிக்கும் காலம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மார்ச் வரை தடிக்கு ஓய்வு.

அந்தப் பிள்ளை தடியை இரண்டு கையாலும் ஏந்தினாள். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மனிஃபீக்," என்றாள், அற்புதம் என்று பிரெஞ்சில். பிறகு மெதுவாக இன்னொரு முறை சொன்னாள்.

எங்கள் குடும்பத்தில் இத்தனை வருடத்தில் ஒருவரும் அந்தத் தடியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் முட்டாள்தனம் அங்கேதான் தொடங்கியது.

"அத்தான், உதைக் கொஞ்ச நாளைக்குத் தாறியளே?" என்றான் மைத்துனன். "திறப்பு விழாவுக்கு மட்டும். ரெண்டு கிழமை. கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டிவிடுவன். ஒருத்தரும் தொடமாட்டினம்."

நான் என் கையாலேயே துணிப்பையின் நாடாவைக் கட்டிக் கொடுத்தேன்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மனைவி பட்டுச்சேலை உடுத்திருந்தாள். வாசலில் குத்துவிளக்கு, பன்னீர், சந்தனம், எல்லாம் முறையாக இருந்தது. உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தேன்.

கண்ணாடிப் பெட்டி இல்லை. சுவரில் நீல நிற வலையை விரித்து அடித்திருந்தார்கள். அதில் பிளாஸ்டிக் நண்டுகளும் நட்சத்திர மீன்களும். நடுவே என் தடி. தக்கைக் கைப்பிடியில் துளை போட்டு, திருகாணியால் சுவரோடு முறுக்கியிருந்தார்கள். அந்தப் பெருவிரல் பள்ளத்துக்கு நடுவிலேயே ஆணி ஏறியிருந்தது. நடுத்துண்டைக் கம்பியால் இரண்டு இடத்தில் கட்டியிருந்தார்கள். ரீலில் இருந்து பட்டுக் கயிற்றை முழுவதும் இழுத்தெடுத்து வலையின் மேல் தோரணமாகத் தொங்கவிட்டு, அதில் வரிசையாகப் பிளாஸ்டிக் நண்டு மாட்டியிருந்தார்கள். கீழே, சமையலறையில் இருந்து வரும் சூட்டுக் குழாய்.

அதற்குக் கீழே ஒரு மரப்பலகை. பிரெஞ்சில் எழுதியிருந்தது: 'எங்கள் தாத்தாவின் தூண்டில். யாழ்ப்பாணம்.'

நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். அதற்குள் மைத்துனன் அந்தப் பலகைக்குப் பக்கத்து மேசையில் இருந்த பிரெஞ்சுத் தம்பதிக்குக் கதை சொல்லத் தொடங்கிவிட்டான். தன் தாத்தா ஒவ்வொரு நாளும் விடியற்காலை அந்தத் தடியோடு கடலுக்குப் போவாராம். கட்டுமரமாம். அவர் கொண்டுவரும் நண்டைத்தான் வீட்டில் கறி வைப்பார்களாம். அந்தக் கறிதான் இந்தக் கறியாம். அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாத்தாவை, என் மனைவியின் அப்பப்பாவை, நான் கண்டதில்லை. மனைவி சொல்லித் தெரியும். அவர் சுத்த சைவம். மீன்காரனின் சைக்கிள் மணி கேட்டால் படலையைச் சாத்தச் சொல்வாராம். பக்கத்து வளவில் மீன் பொரித்தால் அன்று அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்க விடமாட்டாராம். அந்த மனிதனைக் கட்டுமரத்தில் ஏற்றி, என் தடியைக் கையில் கொடுத்திருக்கிறான். அதுவும் ட்ரவுட் தடியை! கடலில் அதை வீசினால் ஒரு கிழமையில் உப்பு மூட்டுகளைத் தின்றுவிடும். உண்மையாகவே விடியற்காலை கடலுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இதே தெருவில் நடந்து திரிகிறார்கள். அவர்களோடு சம்பந்தம் கலக்கமாட்டோம் என்று சொன்ன வாய், அவர்களின் தாத்தாவைத் திருடி நண்டுக் கறி விற்கிறது.

நான் எழும்பப் பார்த்தேன். மனைவி மேசைக்குக் கீழே என் முழங்காலை அழுத்தினாள்.

"இஞ்சேருங்கோ. இண்டைக்கு வேண்டாம். நல்ல நாள்."

"உம்மட தம்பி என்ன எழுதி வைச்சிருக்கிறான் எண்டு வாசிச்சனீரே?"

"வாசிச்சனான். சாப்பிடுங்கோ."

சாப்பிட்டேன். நண்டு நன்றாகவே இருந்தது. அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது.

இரண்டு கிழமை முடிந்ததும் தொலைபேசியில் கேட்டேன். நாளைக்கு என்றான். அடுத்த கிழமை கேட்டேன். ஆள் வந்து கழற்ற வேண்டும் என்றான். நாலாம் கிழமை, "அத்தான், சனம் அதோடை நிண்டு படம் எடுக்குது. இப்ப கழட்டினால் சுவர் வெறுமையாய்க் கிடக்கும்," என்றான். ஆறாவது கிழமை அவன் சொன்னது: "ஒரு பழைய மூங்கில் தடிக்கு ஏன் அத்தான் இவ்வளவு?"

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ஸ்க்ரூ ட்ரைவரையும் கம்பி வெட்டும் குறட்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். வேண்டுமென்றே சாப்பாட்டு நேரத்தில் போகவில்லை என்று சொன்னால் பொய். வேண்டுமென்றேதான் போனேன். உணவகம் நிறைந்திருந்தது. தடிக்குக் கீழே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதில் ஏறினேன்.

மைத்துனன் கையில் தட்டோடு ஓடிவந்தான்.

"அத்தான்! என்ன செய்யிறியள்? இறங்குங்கோ!"

"என்ரை சாமானைக் கழட்டுறன்."

"சனம் பாக்குது அத்தான். பின்னேரம் வாங்கோ, நானே கழட்டித் தாறன்."

"ஆறு கிழமையாய் அந்தப் பின்னேரம் வரேல்லை."

ஆணி இறுகிப் போயிருந்தது. இரண்டு கையாலும் முறுக்கினேன். ஒருவரும் சாப்பிடவில்லை; எல்லோரும் என் காலுறையைப் பார்த்தார்கள். அவன் சட்டென்று அவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தபடி, பழைய பொருள் அல்லவா, திருத்த வேலைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று பிரெஞ்சில் சொன்னான்.

இன்னொரு பொய். அதற்குப் பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. நாற்காலியில் நின்றபடியே, என் சமையலறைப் பிரெஞ்சில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். இது என்னுடைய தடி. ஜிசோரில் வாங்கியது. உங்கள் நோர்மண்டியில் ட்ரவுட் பிடிக்கிற தடி. இவருடைய தாத்தா வாழ்நாளில் மீனைத் தொட்டதில்லை.

யாரோ சிரித்தார்கள். யாரோ இருமினார்கள். மைத்துனனின் முகத்தை நான் பார்க்கவில்லை. கம்பியைக் குறட்டால் வெட்டி, மூன்று துண்டையும் கழற்றி, பட்டுக் கயிற்றில் இருந்து நண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் தட்டில் வைத்தேன். பதினொரு நண்டு. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். நெஞ்சு அடித்த அடியில் மார்க்ஸ் டோர்மோய் வரை நடக்க முடியாமல் நடுவில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் இருந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தேத்தண்ணி வைத்தாள், பேசவில்லை. தம்பியைச் சனத்துக்கு முன்னால் அவமானப்படுத்திவிட்டேனாம். என் தடியின் கைப்பிடியில் துளை. கம்பி அறுத்த இடங்களில் வார்னிஷும் பட்டு நூலும் போய் மூங்கில் வெளியே தெரிந்தது. ஆறு கிழமைச் சூட்டில் நடுத்துண்டு இடப்பக்கம் வளைந்துவிட்டது. இது ஒன்றும் அவமானம் இல்லையாம்.

பத்தோ பன்னிரண்டோ நாள் கழித்து கூசேன்வில்லில் இருந்து அவளுடைய மாமி, அதாவது அப்பப்பாவின் மகள், தொலைபேசி எடுத்தா. யாரோ அனுப்பிய படத்தில் அந்தப் பலகையைப் பார்த்திருக்கிறா. மாமியின் குரல் எனக்கும் கேட்டது. "பிள்ளை, எங்கட ஐயா எப்ப மீன் பிடிச்சவர்?"

மனைவி உடனே தம்பிக்குத் தொலைபேசி அடித்தாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "நீ ஏன்ரா உப்பிடி எழுதினனீ? அப்பப்பா எப்பிடிப்பட்ட மனிசன்! எங்களை என்ன ஆக்களெண்டு சனம் நினைக்கும்?"

கடைசியில் எனக்கு ஆதரவு கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவளுக்கும் என் தடி ஒரு பொருட்டில்லை. பொய் சொன்னதும் பெரிதில்லை. மீன்பிடித்த குடும்பம் என்று யாராவது நினைத்துவிடுவார்களே என்பதுதான் கவலை. அவள் தொலைபேசியை வைக்கும்வரை நான் பொறுத்திருந்து, "அப்ப நான் என்ன ஆள்?" என்று கேட்டேன். "நீங்கள் விளையாட்டுக்குப் பிடிக்கிறியள்," என்றாள்.

பலகை மட்டும் இறங்கவில்லை. அதன் மேல் இப்போது தோட்டச் சாமான் கடையில் வாங்கிய ஒரு முழு மூங்கில் தொங்குகிறது. பளபளவென்று புதிது. அதோடும் சனம் நின்று படம் எடுக்கிறது.

தடியை மீன்பிடிச் சாமான்கள் விற்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன், நிமிர்த்த முடியுமா என்று கேட்க. அங்கே நின்ற இளைஞன் தடியை மரியாதையாகத்தான் பார்த்தான். பிறகு சொன்னான்: "இதன் வேலை முடிந்துவிட்டது, ஐயா. புதிதாகக் கார்பன் தடி ஒன்று எடுங்கள். இதைச் சுவரில் மாட்டிவிடுங்கள், அழகாக இருக்கும்." நான் தடியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். வழியெல்லாம் எனக்குள்ளே அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன், பாவம். ஒரு சாமான் பழசானால் அதற்குச் சுவர்தான் என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

தண்ணீர் கொதிக்கும் கேத்திலின் ஆவியில் மூங்கிலைக் காட்டி, கையால் கொஞ்சம் கொஞ்சமாக நானே நிமிர்த்தினேன். முழுவதும் நிமிரவில்லை. நூலைப் புதிதாகக் கட்டினேன். ஆணித் துளைக்குள் தக்கைத் தூளையும் பசையையும் குழைத்து அடைத்தேன். பெருவிரல் வைத்தால் இப்போது அந்த இடம் கரடுமுரடாகத் தட்டுப்படுகிறது.

மார்ச்சில் எப்த் ஆற்றுக்குப் போனேன். முதல் வீச்சிலேயே தெரிந்தது, கயிறு ஒரு முழம் இடப்பக்கம் போய் விழுகிறது. சரி, நான் ஒரு முழம் வலப்பக்கம் தள்ளி நின்றேன். நாலைந்து வீச்சில் கை பழகியது. தண்ணீர் மேலே சின்னப் பூச்சிகள் எழும்பத் தொடங்கியிருந்தன. அக்கரை மர வேருக்குக் கீழே ஒரு மீன் வாயைத் திறந்து மூடுவது தெரிந்தது. நான் தடியைப் பின்னால் எடுத்தேன். சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. மைத்துனன். மூன்று மாதத்துக்குப் பிறகு எடுக்கிறான். மன்னிப்புக் கேட்கத்தான் எடுக்கிறான் என்று நினைத்தேன். மனதுகூட இளகியது.

"அத்தான், சுகமாய் இருக்கிறியளே? ஒண்டு கேக்க வேணும். உங்களிட்டை மர வளையம் வைச்ச சின்ன வலை ஒண்டு இருக்கெல்லோ, மீன் கோலுறது? மற்றச் சுவருக்கு ஒரு சாமான் வேணும்."

நான் தடியை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"இருக்கு. தரமாட்டன்."

"ஏன் அத்தான்? ரெண்டு கிழமைக்கு மட்டும்..."

நான் தொலைபேசியை நிறுத்தினேன். முப்பது வருடத்தில் மனைவி வீட்டாருக்குக் காரணம் சொல்லாமல் நான் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தரம். அதோடு அவனோடு பேச்சும் முடிந்தது. கோபத்தில் தடியை இழுத்து முன்னால் வீசினேன். பொறுத்திருக்கவில்லை. கயிறு பின்னால் நின்ற வில்லோ மரத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. அதை அவிழ்க்கவே அரை மணி நேரம் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தபோது வேருக்குக் கீழே மீன் இல்லை. அன்று வேறு மீனும் படவில்லை.